மூளையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் மறதி நோய் வந்துவிடுமா?

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கிய நேரம், திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தைப் படியில் பெரியம்மா தடுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்குள் இரண்டாவது தடவை விழுந்திருக்கிறார் என்பதால், தலையையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம் என்று வைத்தியர் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதிக் கொடுத்தார். றிப்போர்ட் வந்த அன்றிரவே அண்ணன் போன் எடுத்தான். "மூளை முழுக்க வெள்ளைப் புள்ளியாம். நெற்றில தேடினன், டிமென்ஷியா எண்டு கிடக்கு. அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

நான் வைத்தியன் இல்லை. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். ஆனாலும் சொந்தத்துக்குள் எந்த ஆங்கில றிப்போர்ட் வந்தாலும் அதன் படம் முதலில் என் போனுக்குத்தான் வரும். அந்தத் தாளில் விஷயம் இரண்டே வரி. வெண்பொருளில் ஆங்காங்கே ஒளிர்வுகள் தெரிகின்றன, சிறு இரத்தக்குழாய் மாற்றங்களாக இருக்கலாம். ஃபசெகாஸ் தரம் 2. அவ்வளவுதான். 'டிமென்ஷியா', அதாவது மறதி நோய், என்ற சொல் தாளில் எந்த இடத்திலும் இல்லை. அது அண்ணனின் போனில் இருந்து வந்தது.

அந்த இரண்டு வரியை அண்ணனுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இப்படி ஒரு தாளோடு முழிக்கிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள் என்பதால் அதையே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலில் வெண்பொருள். ஆய்வுகூடப் போத்தலில் போமலினில் ஊறிய மூளையைக் குறுக்கே வெட்டி வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெளியே மடிப்பு மடிப்பாக மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு, உள்ளே வெண்ணெய் நிறத்தில் ஒரு பெரிய பரப்பு. விளிம்பில்தான் நரம்புக் கலங்களின் உடல்கள் இருக்கின்றன. யோசிப்பது, நினைவில் வைப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அங்கே என்று பொதுவாகச் சொல்லலாம். உள்ளே இருக்கும் வெள்ளைப் பரப்பு அந்தக் கலங்களில் இருந்து புறப்பட்டு மற்றக் கலங்களைத் தேடிப் போகும் இழைகள். ஒவ்வொரு இழையைச் சுற்றியும் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். அந்தக் கொழுப்பின் நிறம்தான் வெள்ளை. வயருக்கு மேல் பிளாஸ்ரிக் உறை போட்டதுபோல என்று வகுப்பில் சொல்வேன், ஆனால் மயலின் செய்யும் வேலை அதைவிடப் பெரிது. உறை இல்லாத மெல்லிய நரம்பிழையில் செய்தி நொடிக்கு ஒன்றிரண்டு மீற்றர்தான் போகும். நல்ல தடித்த உறை போட்ட இழையில், உடலின் சில நரம்புகளில், நொடிக்கு 100 மீற்றர் வரை போகும்.

இந்த இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக் கட்டினால் எவ்வளவு நீளம் வரும் என்று டென்மார்க்கில் ஆட்கள் மினக்கெட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2003 இல் வந்த கணக்கு. 20 வயது ஆணுக்குச் சுமார் 176,000 கிலோமீற்றர். 80 வயதில் ஏறத்தாழ 97,000. அதாவது ஒரு நோயும் இல்லாமலே, வயதோடு இந்த இழைகளில் பாதிக்குக் கிட்டப் போய்விடுகிறது. முடி நரைப்பதைக் கண்ணாடியில் பார்க்கிறோம். இது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை.

இந்த இழைகள் பழுதானால் என்ன ஆகும்? திருகோணமலை ஆட்களுக்கு இதைச் சொல்வது லேசு. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதையில் ஏறித்தானே கடந்தோம். (வெளியூர் வாசகருக்கு: 'பாதை' என்றால் எங்கள் பக்கம் வாகனமும் ஆளும் ஏற்றிக் கடத்தும் மிதவை.) பாதை வரும்வரை நிற்க வேண்டும், இறங்க வேண்டும், பிறகுதான் பயணம். ஆனால் கிண்ணியாவும் அதே இடத்தில் இருந்தது, பட்டினமும் அதே இடத்தில் இருந்தது. இரண்டு கரையிலும் ஒரு குறையும் இல்லை. நேரம் போனது நடுவில். வெண்பொருள் பழுதானவரின் மூளையும் அப்படித்தான். நினைவு கரையில் பத்திரமாக இருக்கிறது. வந்து சேரப் பிந்துகிறது.

சரி, பழுது ஏன் வருகிறது? இதுதான் முழு விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஆனால் உடல் பாவிக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. இரத்தம் பெரிய குழாய்களில் வந்து, கிளை பிரிந்து, கடைசியில் அரை மில்லிமீற்றர்கூட அகலமில்லாத சிறு குழாய்களாக உள்ளே இறங்குகிறது. ஆழத்தில் இருக்கும் வெண்பொருள் இந்தச் சிறு குழாய்களின் நுனியை நம்பியே வாழ்கிறது. பக்கத்தில் இருந்து கைகொடுக்க வேறு குழாய் அங்கே குறைவு.

அப்பாவுக்குத் தம்பலகாமத்தில் வயல் இருந்தது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது வாய்க்கால் முடிகிற இடத்தில் இருக்கும் கடைசி வயல்தான். மேலே உள்ளவர்களின் வக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், அவர்களுக்குக் குறையே தெரியாது. கடைசி வயலில் பயிர் ஒரே நாளில் சாகவும் மாட்டாது. முதலில் நுனி மஞ்சளாகும். கதிர் பதராகும். "இந்த முறை விளைச்சல் கொஞ்சம் குறைவு" என்று சொல்லிக்கொண்டே நாலைந்து போகம் போய்விடும். வெண்பொருள் எங்கள் மூளையின் கடைசி வயல்.

வாய்க்காலைக் கெடுப்பது எது? முதலாவது, இரண்டாவது, மூன்றாவது காரணம் எல்லாம் பிறஷர்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. வயதுக்கு அடுத்தபடி அவ்வளவு பெரிய காரணம் அது. வருடக்கணக்கில் அழுத்தம் கூடி அடித்தால் அந்தச் சிறு குழாய்களின் சுவர் தடிக்கும், விறைக்கும், உள்வழி ஒடுங்கும். தேவைக்கு ஏற்ப விரிந்து கொடுக்கும் தன்மை போகும். சுவர் கசியவும் தொடங்கும். இரத்தத்தில் இருந்து மூளைக்குள் போகக்கூடாத பொருட்கள் ஊறிப்போய் மயலினையும், அதைச் செய்யும் கலங்களையும் கெடுக்கும். நீரிழிவும் புகைத்தலும் இதே சேதத்தைத் தங்கள் பங்குக்குச் செய்கின்றன.

பாரிசவாதத்தோடு இதைக் குழப்பக்கூடாது, ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். 1986 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை எங்கள் வயதுக்காரர் மறக்கமாட்டார்கள். பாரிசவாதம் அந்த மாதிரி, ஒரு இரவில் எல்லாம் போய்விடும். வெண்பொருள் மாற்றம் கடைசி வயல் காய்வது மாதிரி. அழுத்தம் கூடிய அதே உடலில் இரண்டும் நடக்கலாம். அதனால்தான் புள்ளிகள் கூட இருப்பவருக்குப் பாரிசவாத ஆபத்தும் கூட.

இப்போது அந்த 'வெள்ளைப் புள்ளி' என்ற பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நல்ல வெண்பொருள், இந்தப் புள்ளிகளைப் பார்க்க எடுக்கும் வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரியாது, மங்கிய சாம்பலாகத்தான் தெரியும், ஏனென்றால் அதில் கொழுப்பு அதிகம், சுதந்திரமான நீர் குறைவு. பழுதான இடத்தில் நீர் கூடுவதால் அது பளிச்சென்று வெள்ளையாகிறது. சி.ரி. ஸ்கானில் எடுத்தாலோ அதே இடம் கறுப்பாகத் தெரியும். ஆகவே ஒரு றிப்போர்ட்டில் வெண்மை என்றும் இன்னொன்றில் கருமை என்றும் எழுதியிருந்தால் இரண்டு வருத்தம் என்று பயப்படத் தேவையில்லை. 1987 இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கி என்ற நரம்பியல் வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் இதற்கு 'லூக்கோ அரையோசிஸ்' என்று கிரேக்கத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். 'வெள்ளை ஐதாதல்' என்று பொருள். காரணம் எதையும் சொல்லாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லும் பெயர். நல்ல பெயர் என்றே எனக்குப் படுகிறது.

றிப்போர்ட்டில் உள்ள 'ஃபசெகாஸ்' என்பதும் ஒரு ஆளின் பெயர்தான், ஒஸ்திரிய நரம்பியல் வைத்தியர். அதே 1987 இல் அவர் கொடுத்த அளவுகோல் இன்றைக்கும் ஓடுகிறது. ஒன்றுமில்லை என்றால் 0. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி என்றால் 1. புள்ளிகள் ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2. சேர்ந்து பெரிய திட்டாகிவிட்டால் 3. மழைத்துளி விழுந்து முற்றம் நனைவதை நினைத்துப் பாருங்கள், அதே வரிசை.

எவருக்கெல்லாம் இது இருக்கும்? நெதர்லாந்தின் றொட்டர்டாமில் 60 முதல் 90 வயது வரையான 1,077 பேருக்கு ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு புள்ளியும் இல்லாதவர்கள் 5 சதவீதம் மட்டுமே. அண்ணனுக்கு நான் முதலில் சொன்னது இதைத்தான். மனுசன் முதல் தடவையாக மூச்சு விட்டது அப்போதுதான்.

ஆனால் அதோடு கதையை முடித்தால் அது பொய்யாகிவிடும். "வயசுக்கு வாறதுதான்" என்று சொல்லித் தாளை மடித்துக் கொடுக்கும் வைத்தியர்களும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். புள்ளி இருப்பது பொதுவானது; நிறைய இருப்பது ஆபத்தின் அடையாளம். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2010 இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, வெண்பொருள் மாற்றம் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்று காட்டியது. பாரிசவாத ஆபத்து அதைவிடவும் கூடியது, மூன்று மடங்குக்கு மேல்.

'இரட்டிப்பு' என்றதும் நெஞ்சு பதறும். கணக்குக்காக மட்டும் ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒரே வயதுள்ள, புள்ளி குறைந்த நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் என்றால், புள்ளி கூடிய நூறு பேரில் இரட்டிப்பு என்பது பத்துப் பேர். மற்றத் தொண்ணூறு பேருக்கும் புள்ளி இருக்கிறது, மறதி நோய் வரவில்லை. ஆபத்து கூடுகிறது என்பதும் உண்மை, பெரும்பாலானவருக்கு வராது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு விஷயம். மறதி நோய் என்றாலே அல்சைமர் என்று நினைக்கிறோம். வயது போனவர்களில் அது தனியே வருவது குறைவு; இறந்தபின் மூளையைப் பரிசோதித்தால் பெரும்பாலும் அல்சைமர் படிவுகளும் இரத்தக்குழாய்ச் சேதமும் கலந்தே கிடக்கும். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1997 இல் இதைத் துலக்கமாகக் காட்டியது. அல்சைமர் மாற்றம் ஒரே அளவில் இருந்தும், அதோடு சிறு இரத்த அடைப்புகளும் இருந்த சகோதரிகளிடமே மறதி நோய் மிகக் கூடுதலாக வெளிப்பட்டிருந்தது. ஒரு பாரத்தைத் தாங்கிய மூளை இரண்டாவது பாரத்தோடு சரிந்துவிடுகிறது. இதில் ஒரு நல்ல செய்தியும் ஒளிந்திருக்கிறது: அல்சைமர் படிவை வீட்டில் இருந்து தடுக்க நமக்குப் பெரிதாக வழியில்லை, இரத்தக்குழாய்ப் பக்கத்துக்கு இருக்கிறது.

வெளியே என்ன தெரியும் என்பதற்கு வருவோம். இங்கேதான் பெரியம்மாவை நாங்கள் எல்லோரும் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அவருக்கு மறதி என்று சொல்ல ஒன்றுமே இல்லை. 1964 மார்கழிச் சூறாவளியைக் கேட்டால், எந்த வீட்டுக் கூரை எந்தத் தென்னையில் போய்த் தொங்கியது என்பதுவரை சொல்வார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனால் நடை மாறியிருந்தது. காலைத் தூக்கி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, செருப்பு சிமெந்தில் சர் சர் என்று உரச நடப்பார். அந்தச் சத்தத்தை நாங்கள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மீன்காரர் சைக்கிளை நிற்பாட்டினால், முன்பெல்லாம் நிறுக்கும் முன்னமே காசு சொல்லிவிடுவார். இப்போது தாளை ஒவ்வொன்றாக எடுத்து, திரும்ப வைத்து, மறுபடி எடுத்து, கடைசியில் சரியாகத்தான் கொடுப்பார். சாமி விளக்கு வைக்கவும் "பிறகு வைப்பம்" என்று இருந்துவிடுவார். அவசரமாக ஒன்றுக்குப் போக ஓடுவார், இரவில் அப்படி எழும்பித்தான் முதல் தடவை விழுந்ததும்.

நடை, வேகம், திட்டமிடல், உற்சாகம், சிறுநீர் அவசரம். வெண்பொருள் மாற்றம் கூடியவர்களிடம் வைத்தியர்கள் தேடுவது இவற்றைத்தான். பெயரை மறப்பதும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் முதலில் வந்தால் அது அல்சைமர் பக்கம் சாய்கிறது. மந்தமும் தடுமாற்றமும் முதலில் வந்தால் இரத்தக்குழாய்ப் பக்கம். கோடு இவ்வளவு நேராகக் கிழிபடாது என்றாலும், "மறக்கேல்லைத்தானே, அப்ப ஒண்டுமில்லை" என்று விடுவது பிழை என்பதை நாங்கள் பெரியம்மாவிடம் படித்தோம்.

அதேநேரம் எல்லாவற்றையும் புள்ளியின் தலையில் கட்டவும் கூடாது. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, நித்திரைக் குளிசை, விழுந்து அடிபட்டபின் மண்டைக்குள் மெதுவாகச் சேரும் இரத்தம் எல்லாம் இதே மாதிரி ஆளை மந்தமாக்கும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. அதனால் இரத்தப் பரிசோதனையும் குளிசைப் பட்டியலும் ஸ்கானுக்குச் சமமாக முக்கியம். பெரியம்மா விஷயத்தில் அவை எல்லாம் சரியாக இருந்தன.

சரியில்லாமல் இருந்தது கிளினிக் கொப்பி. பின்பக்கத்தில் இருந்து புரட்டினேன்: 168, 172, 160, 176. பிறஷரின் மேல் எண் மட்டும் இரண்டு வருடமாக இப்படி. அரசாங்கக் கிளினிக்கில் குளிசை இலவசம், மாதாமாதம் அண்ணன் எடுத்தும் கொடுத்திருக்கிறான். பெரியம்மாவின் அலுமாரித் தட்டில் அந்தக் குளிசைகள் அப்படியே கடதாசிச் சரைகளில் இருந்தன. கேட்டதற்கு, "தலை இடிக்கேக்கை போடுறனான்தானே" என்றார். பிறஷருக்குத் தலையிடிதான் அடையாளம் என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் எத்தனை பேரைச் சாய்த்திருக்கிறது! கூடிய அழுத்தம் பெரும்பாலும் ஒரு அடையாளமும் காட்டாது. வலி இல்லாத நாளிலும் அது கடைசி வயலைக் காயவைத்துக்கொண்டே இருக்கும்.

அழுத்தத்தைக் குறைத்தால் உண்மையில் பலன் உண்டா? உண்டு, அளவாக. அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மேல் எண்ணை 120க்குக் கீழும் மற்றப் பகுதிக்கு 140க்குக் கீழும் வைக்கப் பார்த்தார்கள். 2019 இல் முடிவு வந்தது. 120 குழுவில், மறதி நோய்க்கு முந்திய படியான லேசான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. முழு மறதி நோயும் குறைவாகவே வந்தது, ஆனால் அந்த வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஸ்கான் எடுத்தவர்களில் வெள்ளைத் திட்டு சுமார் நான்கு வருடத்தில் 140 குழுவில் 1.45 கன சென்ரிமீற்றர் கூடியது, 120 குழுவில் 0.92. கவனியுங்கள், இரண்டு குழுவிலும் கூடித்தான் இருக்கிறது. வேகம்தான் குறைந்தது. வந்த புள்ளியை அழிக்க மருந்து கிடையாது.

அதைவிட எனக்குப் பிடித்தது சீனாவில் நடந்தது. 326 கிராமங்களில், பிறஷர் கட்டுப்படாத 33,995 பேர். பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்கள் இல்லை, கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களே குளிசையைக் கூட்டிக் குறைத்துக் கவனித்தார்கள். நான்கு வருடத்தில் மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது என்று 2025 இல் அறிவித்தார்கள். கிளினிக் கொப்பியும் தவறாத குளிசையும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

120தான் இலக்கு என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். அந்த அமெரிக்க ஆய்வில் நீரிழிவுக்காரரும் முன்பு பாரிசவாதம் வந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. எழும்பி நிற்கும்போது தலை சுற்றும் கிழவருக்கு அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கினால் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார். இலக்கு எண்ணைக் கிளினிக் வைத்தியரிடம் கேட்டு, கொப்பியின் முன் மட்டையில் எழுதி வையுங்கள். அஸ்பிரினும் அப்படித்தான். "இரத்தம் இளகட்டும்" என்று தாமாகவே தொடங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாரிசவாதமோ இதய நோயோ இல்லாமல், ஸ்கானில் புள்ளி தெரிந்த ஒரே காரணத்துக்காக அதைப் போட வேண்டாம் என்பதே 2021 இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டலின் நிலை. இரத்தக் கசிவுதான் மிச்சமாகும்.

மற்றவை தெரிந்தவைதான்: சீனி, புகை, கொழுப்பு, நடை. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டில். கருவாடும் ஊறுகாயும் உள்ள வீட்டில் அது காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும். லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் 45 சதவீதம்வரை தடுக்கவோ பிற்போடவோ முடியும் என்றது. அதில் காது கேளாமையும் இருக்கிறது, பார்வைக் குறைவும் இருக்கிறது. கண்புரையை "பிறகு வெட்டுவம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க ஏலாமல் விழுவது, பேச்சுத் திடீரென்று குழறுவது. அது கடைசி வயல் இல்லை, குளக்கட்டு. உடனே இலங்கையின் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அடியுங்கள்.

பெரியம்மாவிடம் நாங்கள் கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னோம். "மூளைக்குப் போற சின்னக் குழாயள் பிறஷராலை பழுதாகியிருக்கு பெரியம்மா. குளிசையை ஒவ்வொரு நாளும் போட்டால் மேலும் பழுதாகிறது குறையும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப எனக்கு விசரில்லையே?" என்று கேட்டார். அவர் இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது குளிசை காலைத் தேத்தண்ணியோடு, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில். குளியலறைக்குப் போகும் வழியில் அண்ணன் ஒரு கைபிடிக் கம்பி அடித்து, இரவு முழுக்க எரிய ஒரு சின்ன வெளிச்சமும் போட்டிருக்கிறான். பின்னேரத்தில் மருமகளோடு உப்புவெளிக் கடற்கரையில் நடக்கிறார், ஈர மணலில், அது கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால். போன மாதக் கொப்பியில் 138. நடை இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது, மீன்காரர் இன்னும் காத்துக்கொண்டுதான் நிற்கிறார். புள்ளி குறைந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்கான் எடுப்போமா என்று அண்ணன் கேட்டான். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிறஷர் மெசின் வாங்கு என்றேன்.